புதன் நான்கு மணிக்குள்

காக்கி புக்கிட்டில் ஆறாவது மாடியில் கடை.
மோட்டார் சைக்கிள்கள் லிஃப்டில் ஏறி வரும்.
அந்த லிஃப்டுக்கு மாதாமாதம் கிரீஸ் போடுகிறவள் நான் என்பதால்
கோக் லியாங் விலையில் ஏதோ குறைப்பான்,
குறைத்ததைத் தலைக்கவசத்தில் ஏற்றிவிடுவான்.

இடப்பக்கம் நீலம்.
தொலைவுக்கென்றே பிறந்தது.
முன்னால் ஒரு கண்ணாடி,
காற்றை இரண்டாகக் கிழித்துக்
காதுக்கு அந்தப் பக்கம் அனுப்பும்.
விலாவுக்கு ஒரு பெட்டி:
ஒன்றில் மழைக்கோட்டு,
ஒன்றில் தயாபரனின் மாத்திரைகள்.
பெத்தோங் வரை போய் வரலாம் சிஸ்டர், என்கிறான்.

வலப்பக்கம் கறுப்பு.
மேலே ஒன்றும் இல்லை. குழாயும் போல்ட்டும் எலும்பும்
எல்லாரும் பார்க்க நிற்கிறது,
எக்ஸ்ரேக்கு வரிசையில் நிற்கும் ஆள் மாதிரி.
இந்த வகைக்கு என்ன பெயர் என்று
புஷ்பராணி அக்கா போனில் கேட்டாள்.
தமிழில் சொன்னேன்.
“நிர்வாணமா? இந்த வயசுலயா?”
வைத்துவிட்டாள்.

மூடியது அகம், திறந்தது புறம்.
உயர்நிலை மூன்றில் மனப்பாடம் செய்தது
நாற்பத்தாறில் இப்படி
டயர் வாசனையோடு வந்து நிற்கிறது.
கோக் லியாங்கிடம் சொன்னால்
ரெண்டுக்கும் ஒரே சாலை வரிதான் என்பான்.

மூன்று லைசன்ஸ் எடுத்தேன், ஒன்றன்மேல் ஒன்றாக.
ஒற்றைப் பலகையில் இரண்டு முறை சறுக்கினேன்.
சறுக்கியபோதெல்லாம் எந்த வண்டி என்று யோசித்ததில்லை,
ஏதோ ஒரு பெரிய வண்டி,
கனவில் வருவதற்கு நிறம் கிடையாது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
ஆறாவது கியர் இந்தத் தீவில் குடியிருப்பதில்லை.
பாலத்துக்கு அப்பால் எங்கோ வாடகைக்கு இருக்கிறது.
வாரத்தில் ஆறு நாள் நான் போவது
யீஷூனிலிருந்து பிடோக், பிடோக்கிலிருந்து புவாங்கோக்,
இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களிடம்.
அதற்குக் கறுப்பு போதும்.
எண்பதைத் தாண்டினால் காற்றே மார்பில் கைவைத்துப்
போதும்டி என்று சொல்லிவிடும்.

ஏழாவது நாளுக்குத்தான் நீலம்.
மெர்சிங் சாலை, விடியல், இருபுறமும் செம்பனை,
பெட்டியில் நாசி லெமாக் இன்னும் சூடாக.
சான்றிதழ் பத்து வருடம்.
பத்து வருடத்துக்கு ஐநூற்று இருபது ஞாயிறு.
மழை, கல்யாணம், ஓவர்டைம், அவன் முதுகு
எல்லாம் கழித்தால் நூறு தேறுமா?
அந்த நூறுக்காக
மூவாயிரம் நாள் இந்தக் கனத்தை
கார்பார்க்கில் தள்ளித் திருப்ப வேண்டும்.

போன வாரம் காலாங் மேம்பாலத்தடியில்
மழைக்கு ஒதுங்கினோம், இருபது பேர் இருக்கும்.
சாப்பாடு கொண்டுபோகும் பையன்கள் நடுவே
நீலத்தின் அண்ணன் போல ஒன்று,
கண்ணாடி, கவசம், பெட்டி, எல்லாம் வைத்து.
அதன் சொந்தக்காரர்
ஒற்றைக் காலில் நின்று சாக்ஸைப் பிழிந்துகொண்டிருந்தார்.

ஏலம் புதன் நான்கு மணிக்கு முடியும்.
சீக்கிரம் சொல்லுங்க, என்றான் கோக் லியாங்.
செவ்வாய் மாலை தயாபரனைக் கூட்டிப்போனேன்.
வட்டு விலகிய முதுகு.
ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் மாட்டான்.
பின்னால் ஏறு, என்றேன்.

நீலத்தில் அகன்ற இருக்கை, இருபுறமும் கைப்பிடி.
இரண்டையும் பற்றிக்கொண்டு
பஸ் மேல்தளத்தில் இடம் கிடைத்தவன் போல
அங்குமிங்கும் பார்த்தான்.
“வசதி,” என்றான்.

கறுப்பில் பின்னிருக்கை ஒரு ரொட்டித் துண்டு.
கைப்பிடி கிடையாது.
வலக்கையால் துழாவினான், பிறகு இடக்கையால்.
பிறகு வேறு வழியில்லாமல்
என் இடுப்பைப் பிடித்தான்.

வண்டி ஸ்டாண்டில்தான் இருந்தது.
எங்கும் போகவில்லை.
கோக் லியாங் கால்குலேட்டரைத் தட்டுவதை நிறுத்திவிட்டு
ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்தான்.

“முதுகு வலிக்குமே,” என்றேன்.
“வலிக்குது,” என்றான்.
இறங்கவில்லை.