மூன்றாம் பாகம்

நீடாமங்கலம் கேட் போட்டாச்சு.
எங்கள் வாசல்வரை நிற்கின்றன
வேளாங்கண்ணி போகும் வேன்கள்.

உள்ளே டிவியிலும் ஒரு வேன்.
கூரையில் கட்டிய அண்டா கழன்று
மலைப்பாதையில் உருண்டு வேனையே முந்துகிறது.
இருபதாவது தடவையாவது இருக்கும்.
அண்டா கழலும் முன்பே சிரித்துவிடுகிறாள் இசைவாணி.

முதல் பாகத்தில் அவர்கள் ஊட்டி போய்ச் சேரவில்லை.
இரண்டில் கன்னியாகுமரி, அதுவும் இல்லை.
முடிந்ததும் மறுபடி முதல் பாகத்துக்கே போய்விடுவாள்.
மூன்றை மட்டும் போடவே விடமாட்டாள்.

மூன்றில் அம்மாவை மாற்றிவிட்டார்கள்.
சம்பளத் தகராறாம், அவள் அப்பா சொன்னார்.
அதே முன்சீட், அதே கூலிங்கிளாஸ்,
வேறு முகம்.
வேனில் ஒருத்தர்கூட ஏன் என்று கேட்பதில்லையாம்.

நான் இந்த வீட்டுக்கு வந்தது போன தையில்.
அவள் என்னைக் கூப்பிடுவது 'வந்து' என்று.
'வந்து, தோசை போதும்.'
'வந்து, கணக்கு நோட்டைக் காணோம்.'

இன்றைக்கு அவர் கொள்முதல் நிலையத்தில்
நனைந்த மூட்டைகளுக்குக் காவல்.
பதினேழு சதவீதம் தாண்டினால் எடுக்கமாட்டார்கள் என்று
போனில் புலம்பினார்.
இரண்டாம் பாகம் முடிந்தது.
ரிமோட் அவள் மடியில்தான் கிடந்தது.
தொடவில்லை.

பேர் போட்டார்கள்.
புது அம்மா வந்த வேகத்தில்
புளிசாதப் பொட்டலத்தின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.
சிரிக்கலாமா என்று தெரியாமல்
காராபூந்தி டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.
எழுந்து ஏதோ சொன்னாள் அந்தப் பெண்,
அந்நேரம் பார்த்து மன்னை எக்ஸ்பிரஸ்.
ஜன்னல் கம்பி, தட்டு, டிவி எல்லாம் நடுங்கி அடங்கின.
கேட் திறந்து, வெளியே வேன்கள் ஒன்றாய் ஹாரன் அடித்தன.

ரிமோட்டை என் பக்கம் தள்ளினாள்.
'வந்து,
கொஞ்சம் பின்னாடி ஓட்டுங்க.
அவங்க என்ன சொன்னாங்கன்னு கேக்கல.'