சீகை மஞ்சள்

மாசி பிறந்து நாலாம் நாள்.
எமரால்டு சாலை வளைவில் பஸ் என்னை உதிர்த்தபோது
எதிர்ச்சரிவு முழுக்கச் சீகை பூத்திருந்தது.
கண்டக்டர் என் பெட்டியைப் பார்த்து,
"பெயின்ட் வேலையா? எந்த வீடு?" என்றார்.
மலையைக் காட்டினேன்.
விசில் ஊதினார்.

ஒன்பதரை வரைதான் நிழல் சொன்ன பேச்சைக் கேட்கும்.
பிறகு வெயில் ஏறி
மேடு பள்ளம் எல்லாவற்றையும்
ஒரே பச்சையாய்த் தட்டிப் போட்டுவிடும்.
உறைபனி விறைத்த புல்லில் தாங்கியை ஊன்றினேன்.
எந்தப் பலகையானாலும் கித்தானானாலும்
முதலில் சுட்ட செம்மண் நிறத்தில் ஒரு பூச்சு கொடுத்துவிடுவேன்.
வெறும் வெள்ளைக்கு எனக்குப் பயம்.

காட்மியம் மஞ்சள் ட்யூப் எண்ணூறு ரூபாய்.
அன்று பாதி பிதுங்கியது.
என் பலகையில் மலை
நானூறு ரூபாய்க்குப் பூத்தது.

காரட் மூட்டையோடு வந்த ஹால கவுடர்
மூட்டையை இறக்காமலே பார்த்தார்.
"இதையா வரையறீங்க?
ஓடைத் தண்ணியக் குடிச்சதே இந்தச் சனியன்தான்.
ஆடி மாசத்துலகூட ஓடை இருமுது, ஓடமாட்டேங்குது."
கொஞ்சம் நின்று,
"ஆனா நிறம் சரியாத்தான் வந்திருக்கு" என்றார்.
மண்ணோடு இரண்டு காரட் வைத்துவிட்டுப் போனார்.

பத்தரைக்கு மூடுபனி வந்தது
வீட்டுக்காரனைப்போல, செருப்பைக் கழற்றாமல்.
முதலில் சரிவு, பிறகு சாலை, பிறகு என் கை.

*

பெர்ன்ஹில்லில் எனக்கு ஒரு கார் ஷெட், வாடகைக்கு.
காரை விற்ற எண்ணெய்க் கறை
தரையில் இன்னும் இருக்கிறது.
ஓரடிப் பலகையை நாலடிக் கித்தானுக்கு ஏற்றுகையில்
முதலில் நாலு மடங்காவது தப்புதான்.
காலையில் காற்று இருந்த இடத்தில்
ட்யூப்லைட் வந்து உட்கார்ந்துகொள்கிறது.
இந்த ஊரில் பனியன் காய ஐந்து நாள்
எண்ணெய் வண்ணம் காய
எண்ணுவதை விட்டுவிட்டேன்.
டர்பென்டைன் தீர்ந்த இரவில்
நீலகிரித் தைலம் விட்டு வண்ணத்தை இளக்கினேன்.
மூன்று நாள் என் மலைக்கு
சளி பிடித்த பிள்ளையின் நெஞ்சு வாசம்.

மஞ்சளுக்குப் பக்கத்து நிழல் ஊதாவா சாம்பலா?
நினைவு இரண்டுக்கும் தலையாட்டியது.
பங்குனிக் கடைசியில் மறுபடி பஸ் ஏறினேன்.

*

சரிவு இல்லை என்று சொல்ல முடியாது.
சரிவு மட்டும்தான் இருந்தது.
அடிக்கட்டைகள், உரித்த பட்டை, மரத்தூள்.
வனத்துறை உத்தரவு, காண்ட்ராக்ட் வேலை.
வாள் எந்திரத்தை அணைத்துவிட்டு அருள்தாஸ் சொன்னான்:
"ஆயிரத்து நூறு மரம். எல்லாம் வெளிநாட்டுச் சாதி.
புல்லு திரும்பி வருமாம்."
பிறகு போனை எடுத்துக் காட்டினான்:
மஞ்சளுக்கு நடுவில் அவனும் ஐந்து பேரும், பல் தெரிய.
"பூத்தப்ப ஒரு செல்ஃபி எடுத்துட்டுத்தான்
கைய வச்சோம்."

*

இரவு ஷெட்டில் கத்தியை எடுத்தேன்,
தட்டையான, வண்ணம் குழைக்கும் கத்தி.
குளிருக்கு நன்றி: மஞ்சள் இன்னும் ஈரம்.
மேலிருந்து கீழாக இழுத்தேன்.
தோசைக்கல் சுரண்டும் சத்தத்தில்
மரங்கள் கூட்டமாக வந்தன.
ஒவ்வொன்றையும் பழைய மாவு டப்பாவில் துடைத்தேன்.
எண்ணூறு ரூபாய், விட மனசில்லை.

அடியில் அந்தச் செம்மண் பூச்சு.
மஞ்சள் கொஞ்சம் ஊறிப்போய்
பனியில் கருகிய புல்லின் நிறத்தில்,
நான் கைவைக்காத சரிவாக, சரியாக இருந்தது.
இரண்டு மாதம் அதன் மேல்தான்
தப்பு தப்பாய் வேலை செய்திருக்கிறேன்.

சின்னப் பலகையைச் சுரண்டவில்லை.
கதவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறேன்.
அங்கே சீகை பூத்தபடி, பிசுபிசுத்தபடி.

பெரிய கித்தானில்
இரண்டு மேடுகளுக்கு நடுவே ஒரு விரலகலம் விட்டிருக்கிறேன்.
ஹால கவுடரின் ஓடைக்கு.
ஐப்பசி போகட்டும்.
வந்தால் வெள்ளையும் கொஞ்சம் நீலமும் போதும்.
வராவிட்டாலும் அந்த இடத்தில் வேறெதுவும் வைப்பதாயில்லை.