இரண்டு முறை வந்த இரண்டு மணி

வரவேற்பு மேசையில் ஒரு தாள் இருக்கிறது,
கோடையில் அச்சடித்தது:
‘இந்தக் கடற்கரையில் செய்யப் பதினெட்டு காரியங்கள்.’
அக்டோபர் கடைசியில் யார் கேட்டாலும்
சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டுதான்
அதை நீட்டுகிறேன்.

மிதி வண்டிகள்: ஷட்டர் இறங்கியாயிற்று.
மினி கோல்ஃப்: தார்ப்பாய்க்கடியில் தூக்கம்.
மணலில் வரிசையாய் நின்ற வெள்ளை மரக்குடில்கள்
போன செவ்வாய் லாரி ஏறிப் போய்விட்டன,
கரை பொக்கை வாயோடு நிற்கிறது.
ஐஸ்க்ரீம்காரர் ஸ்பெயினில்.
அடித்து அடித்து மிஞ்சியது மூன்று.

ஒன்பதாம் அறைக்காரர் குனிந்து பார்த்தார்.
வன்னெஸ், லூவன் நகரம்.
பள்ளிக்கு இலையுதிர்கால விடுமுறை,
இந்த வாரம் மகள் அவர் பங்கு.
பங்கு என்ற சொல் அவருடையதுதான்.
சொல்லிவிட்டு, நான் எதிரிலேயே நிற்க,
மேசை மணியை ஒருமுறை தட்டினார்.

டிராம் ஓடுகிறது, என்றேன்.
டி பான்னேயில் ஏறினால் க்னோக்கே வரை
ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் அடுக்குமாடி,
இரண்டிலும் ஆளில்லை.
படகுத்துறையில் சாம்பல் நிற இறால் கிடைக்கும்,
நீங்களே உரித்துக்கொண்டால் மலிவு.
அப்புறம் காற்று.
அதற்கு இன்னும் டிக்கெட் போடவில்லை.

மூன்றையும் ஒரே நாளில் முடித்து வந்தார்கள்.
ஃபீனுக்கு ஒன்பது வயது, காது இரண்டும் சிவப்பு.
டிராமில் இருபத்தாறு நாய் ஏறியது என்றாள்,
காற்றின் மேல் சாய்ந்து நின்றேன், விழவில்லை என்றாள்,
அப்பா விழுந்தார் என்றாள்.

அன்றிரவுதான் கடிகாரத்தைத் திருப்பும் இரவு.
மூன்று மணி ஆனதும் மறுபடி இரண்டு.
ஊரெல்லாம் தூக்கத்தில் வாங்கிக்கொள்ளும் அந்த மணியை
நான் விழித்தே வாங்குகிறேன் வருஷாவருஷம்.
சம்பள இயந்திரத்துக்கு மட்டும்
இரவு என்றால் எட்டு மணிதான்.

நாற்காலி போட்டு ஏறி முள்ளைத் திருப்பும்போது
படியில் காலுறைச் சத்தம்.
தூக்கம் வரவில்லையாம் அவளுக்கு.
அவருக்கும்தான், சொல்லவில்லை.

‘இந்த ஒரு மணி எக்ஸ்ட்ராவா?’
ஆமாம்.
‘அப்படியென்றால் இது யார் பங்கு?
அப்பாவுடையதா, அம்மாவுடையதா?’

வன்னெஸ் தன் செருப்பைப் பார்த்தார்.
எனக்கும் வாயடைத்தது.
பிறகு, ஹோட்டல் பங்கு, என்றேன்,
முதலாளிக்குத் தெரியாமல்.

அவள் உடனே கடை திறந்துவிட்டாள்.
கோடையில் இங்கே பிள்ளைகள்
மணலைக் குவித்து மேசை கட்டி
காகிதப் பூ விற்பார்கள், சிப்பிதான் காசு.
சோபாவே மேசை, டிஷ்யூ தாளே பூ.
அப்பா காம்பு முறுக்கினார்,
முறுக்கிய எல்லாமே வளைந்தது.
‘ரோஜா ஐந்து கத்திச்சிப்பி.
கார்டு கிடையாது.’

ஆல்ஸ்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து
பதினேழு வருஷம் ஆகிறது,
ஒரு சிப்பிக்காகக் குனிந்ததில்லை.
மேசையை அவரிடம் ஒப்படைத்து
டார்ச்சோடு இறங்கினேன்.
நீர் வெகுதூரம் பின்வாங்கியிருந்தது.
ஈர மணல், அதில் என் ஷூ,
தூரத்தில் ஒரு கப்பல் இரண்டு விளக்கோடு
போகிறதா நிற்கிறதா தெரியவில்லை.
காற்று கோட்டுக்குள் புகுந்து என்னை ஒருமுறை உப்பவைத்தது.
ஏழு அகப்பட்டது. ஒன்று விரிசல்.

திரும்பியபோது வன்னெஸ் ஃபோனில் இருந்தார்.
‘திறந்துதான் இருக்கிறோம்’ என்று
யாருக்கோ உறுதி சொல்லிக்கொண்டிருந்தார்.

ஃபீன் ஐந்து எண்ணி எடுத்தாள்.
விரிசலையும் இன்னொன்றையும் நகர்த்தி
‘மீதி’ என்றாள்.

கடை மூடியது இரண்டாவது மூன்று மணிக்கு.

நவம்பர் ஒன்றாம் தேதி டிராமிலிருந்து
சாமந்தித் தொட்டிகளோடு ஆட்கள் இறங்கினார்கள்,
கல்லறைத் தோட்டம் நிறுத்தத்தில்.
அவர்கள் லூவனுக்கு ரயில் ஏறியிருந்தார்கள்.
ஒன்பதாம் அறைச் சாவிக் கொக்கியில்
கோணல் காம்போடு ரோஜா.

அந்த மீதியைக் கல்லாவில் போட்டேன்,
பத்து சென்ட் குழியில்.
பகல் ஷிஃப்ட் கூர்ட் தினமும் எண்ணி
கணக்கு இரண்டு உதைக்கிறது என்கிறான்.
உதைக்கட்டும்.