வலங்கைமானில் இடங்கைக்காரன்

வலங்கைமானில் அந்த இடங்கைக்காரனுக்கு
மொத்தம் மூன்று ஓட்டு:
நான், உரக்கடை ஜபருல்லா,
பத்திர எழுத்தர் அமலோற்பவம்.

ஐந்தாம் செட், டைபிரேக், எட்டுக்கு ஒன்பது.
இரண்டாவது சர்வுக்குப் பந்தைத் தூக்கிப் போட்டான்,
கரண்ட் போனது.

இன்னும் மேலேதான் நிற்கிறது பந்து
என்கிறார் ஜபருல்லா, யூரியா மூட்டையை நகர்த்தியபடி.
"தோத்துட்டான்னு போன் சொல்லிச்சு.
போன் சொல்றதெல்லாம் ஒரு சாட்சியா?"

கோட்டில் பட்டது என்கிறார் அமலோற்பவம்.
காலையில் ஆறு தடவை பார்த்தாராம்.
எல்லைத் தகராறில் முப்பது வருஷப் பழக்கம்:
"சுண்ணாம்பு பறந்துச்சு சார்,
அதைவிட என்ன பட்டா வேணும்?"

நான் பார்த்தது வேறு.
வலையோரம் பச்சை அப்படியே இருக்க
பேஸ்லைனில் மட்டும் புல் செத்து மண் தெரிந்தது.
தண்ணீர் எட்டாத கடைமடை.
நாலரை மணி நேரம் அங்கேதான் நின்றான்.

குறுவைக்கு ஜிங்க் வாங்க வந்தவர்
எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:
"புல்லுக்கா உரம் போடுறாங்க?"

யாரும் பதில் சொல்லவில்லை.
மீதிச் சில்லறையை
இடது கையால் நீட்டினார் ஜபருல்லா.

அவர் வாங்கவில்லை.
இவரும் கையை மாற்றவில்லை.