சாவா மூவாப் பேராடு

சதுர அடிக்கு முப்பத்திரண்டு ரூபாய்.
குடமுழுக்குக்குப் பதினோரு நாள் இருந்தது.
கம்ப்ரசர் ஓமலூரில் வாடகைக்கு எடுத்தது;
மணல் எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை.
குழாயின் முனையைப் பிடித்தவன் நான்.

எண்ணெய்ப் பிசுக்கு, கற்பூரக் கரி,
யாரோ அடித்த பச்சை எனாமல்,
பிள்ளைகள் விபூதியால் எழுதிய பரீட்சை நம்பர்
எல்லாம் பறந்தன.
சேர்வராயன் மலைக்கல் உள்ளே நீலக் கறுப்பு என்று
அன்றைக்குத்தான் பார்த்தேன்.
நேற்று வெட்டியது போல் நின்றது சுவர்.
எனக்குத் துண்டு போர்த்தினார்கள்.
துண்டிலும் மணல்.

நாலு வருஷம் கழித்து
தில்லைக்கரசி என்று ஓர் அம்மா வந்தார்,
தோளில் நீளமான தகரக் குழல்.
உள்ளே மைப்படி.
என் அப்பன் பிறப்பதற்கு முன்னால் யாரோ
இதே சுவரில் ஈரக் காகிதம் ஒட்டி,
பிரஷால் குத்தி, மை ஒற்றி எடுத்தது.
காகிதமெல்லாம் கறுப்பு, எழுத்து மட்டும் வெள்ளை.
சுவரோடு சேர்த்துப் பிடி என்றார்.
பிடித்தேன்.
காகிதம் பேசியது. கல் சும்மா இருந்தது.

விரல் வைத்துப் படித்தார்:
நந்தா விளக்கு ஒன்று எரிய
கொற்றன் மகள் நக்கை வைத்த
சாவா மூவாப் பேராடு தொண்ணூறு.

அதென்னங்க சாகாத ஆடு?

"செத்த ஆட்டுக்குப் பதில் அதன் குட்டி.
கிழத்துக்குப் பதில் இளசு.
தொண்ணூறு குறையக் கூடாது, அவ்வளவுதான்."

எட்டு நூற்றாண்டு மேய்ந்த மந்தை
ஒரு மத்தியானத்தில்,
நான் டீக்குப் போவதற்கு முன்பே
முடிந்துபோயிருக்கிறது.

கடைசி வரியை அவர் படிக்காமல் விட்டார்.
நான்தான் வற்புறுத்தினேன்.
இதை அழித்தவன் கங்கைக் கரையிலே
காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான்.
என் மேல் விழ வேண்டிய சாபத்தையும்
நானே சேர்த்துச் சுரண்டியிருக்கிறேன்.
அது இப்போது தகரக் குழலுக்குள்
நாப்தலீன் உருண்டையோடு படுத்திருக்கிறது.

கல்லுக்குத் தோல் போய்விட்டது என்றார்.
மழை நேராக எலும்புக்கு இறங்குகிறது.
இடுக்கில் பூசிய சிமெண்டிலிருந்து உப்பு ஊறி
அடிவரிசை பொருக்குப் பொருக்காய் உதிர்கிறது.
சேலம் பெரியாஸ்பத்திரியில்
என் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் மாட்டி
டாக்டரும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார்.
அதிலும் கறுப்பில் வெள்ளையாய்
என்னவோ எழுதியிருந்தது.

இப்போது அந்தம்மாவிடம் தினக்கூலி.
காகிதத்தை ஊற வைத்துக் கூழாக்கிச்
சுவருக்குப் பத்துப் போடுகிறேன்.
காயக் காய அது உப்பை இழுக்கும்.
உரித்து, மறுபடி. இது ஏழாவது பத்து.
உப்புதான் வரும், எழுத்து வராது என்று
முதல் நாளே சொல்லிவிட்டார்.
ஆனாலும் இருட்டின பிறகு
டார்ச்சைச் சுவரோடு சாய்த்து அடித்தால்
இங்கே ஒரு கால்,
அங்கே ஒரு கொம்பு.
ஆட்டினுடையதா எழுத்தினுடையதா,
எனக்குப் படிக்கத் தெரியாது.

சரபங்கா வற்றிய மாதம்.
பெரியாயி வீட்டு ஆடுகள்
வேலியை நெம்பிக்கொண்டு வந்துவிடுகின்றன.
உள்ளே விடாதே, பாதி உப்பு அதுகளின் மூத்திரம்தான்
என்பது அந்தம்மா கட்டளை.
குச்சியை எடுத்தேன்.
கொம்பு முறிந்த ஒன்று
நான் நேற்றுப் போட்ட பத்தை
கண்ணை மூடி நக்கிக்கொண்டிருந்தது.
விரட்டத்தான் போனேன்.
குச்சியோடு நின்று எண்ணினேன்.
பதினேழு.
ஒன்று சினை.