அறுபத்தொன்றாம் பக்கம்

பேயோன் நகரில், வீடு காலிசெய்யும் விற்பனையில்
பதினோரு டாலர் கொடுத்து வாங்கினேன்.
எனக்கு வேண்டியிருந்தது பெட்டிதான்,
கிறிஸ்துமஸ் விளக்குகளைப் போட்டுவைக்க.
உள்ளே ஆறு கையேடுகள்:
படகு டார்பிடோ, அதைக் கடலில் உருட்டிவிடும் தாங்கி,
இருபது மில்லிமீட்டர் பீரங்கி,
எந்த மூட்டுக்கு எத்தனை நாளில் எண்ணெய் என்ற அட்டவணை.
அட்டையில் ‘ரகசியம்’ என்றொரு முத்திரை,
அதன் தலையிலேயே ‘இனி ரகசியமில்லை’ என்று இன்னொன்று.
இரண்டும் இடப்பக்கம் சாய்ந்திருந்தன.
ஒரே கை குத்தியதாக இருக்கலாம்.

முப்பத்தொரு வருடம் தொலைபேசிக் கம்பெனியில்
பில் சரிபார்த்தவள் நான்.
யாரும் படிக்காத காகிதத்தை வரி விடாமல் படிக்கும் வியாதி
ஓய்வுபெற்ற பிறகும் விடவில்லை.

துருவேறிய ஸ்டேபிள்களை
வெண்ணெய்க் கத்தியால் நெம்பி எடுத்தேன்.
ஒன்பதாம் பக்கத்தில் காப்பிக் கோப்பையின் வட்டம்.
இருபத்திரண்டில் சீட்டாட்டக் கணக்கு:
ஹோபர்ட் என்பவன் படகு முழுக்கக் கடன்பட்டிருந்தான்.
நாற்பதில் ஒரு கொசு,
தட்டையாக, கால்கள்கூட உதிராமல்,
வயிற்றில் யாருடைய ரத்தமோ பழுப்பாகி.

அறுபத்தொன்றில் வெடிமுனையின் படம்.
அம்புக்குறி ஒன்று, அருகே பென்சிலில்:
‘படம் பொய். எதிர்ப்பக்கம் திருப்பு.
சந்தேகமென்றால் ஹோபர்ட்டைக் கேள்.’
அதன் கீழே வேறொரு கையெழுத்து:
‘இனிக் கேட்க முடியாது.’

இருபத்திரண்டுக்குத் திரும்பிப் போனேன்.
அவன் கடன்கள் எல்லாவற்றின் குறுக்கேயும்
ஒரே கோடு.
அளவுகோல் வைத்து இழுத்தது.

ஸ்கேனர் ரேமண்ட் குச்மாவுடையது.
தீக்குச்சியில் போர்ப்படகு செய்பவர், மூச்சுக்கூட அளந்துதான் விடுவார்.
“அழுக்கை எடுக்க மென்பொருள் இருக்கிறது,
ஒரு சொடுக்குப் போதும்” என்றார்.
நானும் தலையாட்டினேன், தப்பு என்னுடையதும்தான்.
சலவைக்குப் போய்வந்த சட்டைபோல
வெளுத்த பக்கங்களை
கேட்டவர்க்கெல்லாம் அனுப்பினோம்.
கேட்டவர்கள் பெரும்பாலும் பொம்மைப் படகுக்காரர்கள்.
பீரங்கிக்கு எந்தச் சாம்பல் நிறம் பூச வேண்டும் என்று
நாற்பது கடிதம்.

ஒன்று மட்டும் துலாகியிலிருந்து வந்தது.
பேசில் சோகா, காவல்துறை, குண்டு அகற்றும் பிரிவு.
பவளத்திட்டில் ஒரு டார்பிடோ கிடக்கிறது,
பிள்ளைகள் சிப்பிக்கு மூழ்குகிற இடம்.
‘உங்கள் அறுபத்தொன்றாம் பக்கமும்
என் முன்னால் இருக்கும் இரும்பும்
ஒத்துப்போகவில்லை, திருமதி பியெட்ஷாக்.
நீங்கள் எதையாவது விட்டுவிட்டீர்களா?’

விட்டுவிட்டோம்.
அன்றிரவே ரேமண்டின் கதவைத் தட்டினேன்,
அவர் பைஜாமாவோடு வந்து ஸ்கேனரைச் சூடேற்றினார்.
அழுக்கோடு அனுப்பினோம்.

ஒன்பது நாள்.
துலாகியில் இப்போது மணி என்ன என்று
அடுப்பங்கரைச் சுவரில் இன்னொரு கடிகாரம் மாட்டினேன்.
மீன் வறுபடும்போது அங்கே மறுநாள் காலை.
குளிர்சாதனப் பெட்டி உறுமினாலும் திடுக்கிட்டேன்.

பிறகு வந்தது, மூன்றே வரி.
‘பென்சில்காரர் சொன்னதே சரி.
இப்போது அது வெறும் இரும்பு.
ஹோபர்ட் யார்?’

தெரியாது என்று எழுத ஒரு வாரமானது எனக்கு.
அது முதற்பெயரா, குடும்பப் பெயரா என்றும் தெரியாது.
பணம் திருப்பித் தராதவன்,
கேட்டால் சொல்லக்கூடியவன்,
அவ்வளவுதான் காகிதத்தில் இருக்கிறது.

இப்போது எல்லாவற்றையும் மறுபடி எடுக்கிறோம்,
கறை, கைரேகை, காப்பி வட்டம் சகிதம்.
விளக்குகள் நாற்காலியில் சிக்கலாகக் கிடக்கின்றன,
பெட்டி காலியாகப் போவதில்லை.
நாற்பதாம் பக்கத்தில் ரேமண்டின் விரல் நின்றது.
“கொசுவையுமா?” என்று
கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

இருக்கட்டும் என்றேன்,
அதுவும் படகில் இருந்தது.