அரைச் செட்

வெள்ளி மூன்றரை பஸ்ஸில் இருக்க இடமில்லை.
கீழே வைக்க மனமில்லாமல்
ஆனையிறவு தாண்டும் மட்டும்
பையைத் தோளிலேயே வைத்திருந்தேன்.
பரந்தனில் திரும்பும்போது
உள்ளே ஒன்றோடொன்று முட்டிச் சின்னதாய் ஒரு சத்தம்.
"என்ன பிள்ளை, கரண்டியோ?" என்றார் கொண்டக்டர்.
ஓம் என்றேன்.

அரைச் செட் எலும்பு.
சீனியர் ஒருத்தி பாஸாகிக் கைமாற்றினது.
அவளுக்கு முன் எத்தனை பேர் என்று அவளுக்கும் தெரியாது.
முழங்கைக்கு மேலே யாரோ நீலப் பேனையால்
தசை ஒட்டும் இடத்தைக் கீறி வைத்திருக்கிறார்கள்.
திங்கள் எட்டு மணிக்குக் கை முழுவதும் சிக்னேச்சர்.
போன கிழமை ஒன்றைக் கோட்டைவிட்டாயிற்று.

விசுவமடுவில் சித்தப்பா வீட்டுச் சாமத்தியவீடு.
வராவிட்டால்,
டொக்டர் ஆக முதலே தலைக்கனம்.
வந்தால், படிப்பில்லையோ?
ஆலாத்தித் தட்டோடு நிற்கும்போதும்
மணிக்கட்டை எண்ணிக்கொண்டிருந்தேன்:
ஸ்கபோயிட், லூனேற், ட்ரைக்விற்றல், பிசிபோம்...
"அக்கா, சிரியுங்கோ" என்றான் வீடியோக்காரன்.
அந்த வீடியோவில் என் வாய் அசைந்துகொண்டே இருக்கும்.
தேவாரம் சொல்கிறேன் என்று நினைப்பார்கள்.

நிதர்சன் அனுப்பிய ஏழு செய்திகள்
திறக்காமல் கிடந்தன.
கடைசியில் ஒரு கேள்விக்குறி மட்டும் தெரிந்தது.
இரண்டாம் வருசம் முடியட்டும் என்று
முதலாம் வருசத்திலும் சொன்னேன்.

இரவு.
அடுத்த வளவில் பந்தல் கழற்றுகிற சத்தம்.
பாயில் கையை அடுக்கினேன்,
தோளில் இருந்து விரல் நுனி மட்டும்.
தேத்தண்ணியோடு வந்த அம்மா
வாசலிலேயே நின்றுவிட்டா.

"இது ஆற்றை?"

தெரியாது அம்மா.

"பேர் ஒண்டும் எழுதேல்லையோ?"

பெட்டியில் சீனியரின் பேர்தான் இருந்தது.

கோப்பையைக் கதிரையில் வைத்தா.
மாமாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
பதினைந்து வருசமாய்ப் படிவம் நிரப்பினவ,
ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பிரதி எடுத்தவ,
நிலத்தில் இருந்து
ரேடியஸைத் தூக்கித் தன் முன்கையோடு சேர்த்துப் பார்த்தா.
கொஞ்சம் நீளம்.
"ஆம்பிளைதான்" என்றா.

பிறகு, சோதனை எப்ப என்று கேட்டா.
"அப்ப நான் கேக்கட்டே?"

புத்தகம் தேவைப்படவில்லை அவவுக்கு.
விரலால் தொட்டுத் தொட்டு,
இது? இது? இந்தப் பள்ளம்?
சொன்ன பேர் சரியோ பிழையோ தெரியாது,
நான் தடுமாறினால் மட்டும் தெரிந்தது.
"அது வடிவா வரேல்ல. திருப்பிச் சொல்லு."
மணிக்கட்டின் எட்டில் ஒன்று
எனக்குப் பிடிபடவேயில்லை.
அதைக் கைக்குள் பொத்திக்கொண்டா,
விடை வரும்வரை தரவில்லை.
ஒரு மணிக்கு மேல் இருக்கும்,
தேத்தண்ணியில் ஆடை படர்ந்திருந்தது.

ஞாயிறு பின்னேரம் பை சத்தம் போடவில்லை.
தர்மபுரத்தில் திறந்து பார்த்தேன்.
பழைய நூல்சீலையைக் கிழித்து
ஒவ்வொன்றையும் தனித்தனியே சுற்றியிருக்கிறா,
குளிப்பாட்டின பிள்ளையைச் சுற்றுகிற மாதிரி.
மேலே வறுத்த கச்சான், அரைக் கிலோ.

நிதர்சனின் செய்திகளையும் திறந்தேன்.
ஆறும் "சாப்பிட்டியோ" தான்.
கச்சானை உடைத்துக்கொண்டு,
ட்ரபீசியம், ட்ரபீசொயிட்,
ஓம் என்று அனுப்பினேன்.
கோதெல்லாம் மடியில்.